டிராவுக்கு ஐந்நூறு

மனிதர்கள் சூதாட்டத்தில் பேராசையால் இறங்குகிறார்கள் என்றொரு நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவருகிறது. அது பிழை. அது பிழை என்று யாரும் முறையாக எடுத்துச் சொல்லாமல் விட்டதால் எத்தனை குடும்பங்கள் பேராசையை மட்டும் பூட்டிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினவோ தெரியவில்லை. இன்னொருவன் ஒரு தகவலைத் தப்பாகச் சொல்லும்போது அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாதவன்தான் சூதாட்டத்தில் இறங்குகிறான். நான் அப்படித்தான் இறங்கினேன், இன்று பகல் பன்னிரண்டே காலுக்கு, ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், விரலில் தயிர்சாதம் ஒட்டியிருக்க. இப்போது மணி மூன்றே முக்கால். மூன்றரை மணி நேரமாக நான் சூதாடி. ஐம்பத்திரண்டு வருடம் ஒன்பது மாதம் அப்படி இல்லாமல் இருந்தவன். கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘நாச்சிமுத்து, நடுவர்’ என்று இருக்கிறது. மேடையில் போன வாரத்து வரவேற்பின் தெர்மாகோல் எழுத்துகளை இன்னும் யாரும் பிரிக்கவில்லை; மணமகன் பெயரில் ஒரு கொம்பு விழுந்து கிடக்கிறது, காலையிலிருந்து அதை எடுத்து ஒட்டிவிடக் கை துறுதுறுக்கிறது. அதற்குக் கீழே மாநிலச் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. அறுபது மேசைகளில் ஐம்பத்தொன்பது முடிந்து காய்கள் பைக்குள் போய்விட்டன. முதல் மேசை மட்டும் பாக்கி. இரண்டு கை தூரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், நான். மின்விசிறி என் தலைக்கு நேர்மேலே சுற்றியும் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. சதுரங்கப் பலகையில் அறுபத்து நான்கு சதுரங்கள் என்பார்கள். பெரியதும் சிறியதுமாக எண்ணினால் இருநூற்று நான்கு. இதையும் யாரும் கேட்பதில்லை.

வெள்ளைக் காய்களுக்கு ரிஸ்வான், வாணியம்பாடிப் பையன், பத்தொன்பது வயது, தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறான், குடிப்பதில்லை. கறுப்புக்கு மதுவந்தி, தாராபுரம், ஒரு கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கிறாள், இருபத்து நான்கு முடிந்து பத்து மாதம். வயது எனக்கு எப்படித் தெரியும் என்றால் முதல் நாள் பதிவு மேசையில் இருந்தது நான்தான். “சார், நாலாவது வந்தாலும் அதே சர்டிபிகேட்தானுங்களா?” என்று கேட்டாள். அதேதான் அம்மணி, முதல் நாலு பேரும் மாநில அணி என்றேன். “அப்ப சரிங்க சார். விளையாட்டுக் கோட்டாவுல ஒரு வேலைக்கு எழுதிப் போடணும். இருபத்தஞ்சு தாண்டுனா எடுக்க மாட்டாங்க.” அடுத்த வருடப் போட்டி வரும்போது இருபத்தைந்து தாண்டியிருக்கும். ஆக, இன்று அரைப் புள்ளி கிடைத்தால் நான்காம் இடம், அணி, விண்ணப்பம். கிடைக்காவிட்டால் கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டுவது. அரைப் புள்ளி என்றால் டிரா. நான் ஐந்நூறு ரூபாய் கட்டியிருப்பதும் டிராவுக்குத்தான். அவளுக்கு வேண்டியதும் எனக்கு வேண்டியதும் ஒன்றே என்பது எவ்வளவு அசிங்கமான ஒற்றுமை. கோயில் வரிசையில் பக்கத்தில் நிற்பவரும் நாம் வேண்டுவதையே வேண்டுகிறார் என்று கண்டால் மனம் கனிய வேண்டும். எனக்குக் கனியவில்லை. சாமியப்பன் மட்டும் அந்த ‘எழுதி வச்சுக்கோங்க’வைச் சொல்லாமல் இருந்திருந்தால். அவர் நூல் வியாபாரி, மகள் கடைசி மேசைகளில் ஆடுகிறாள், உள்ளே விடமாட்டார்கள் என்பதால் மூன்று நாளாகச் சாப்பாட்டுக் கூடத்திலேயே குடியிருந்து மற்ற அப்பாக்களைக் கூட்டிப் பந்தயம் நடத்திக்கொண்டிருக்கிறார். யாரோ விட்டுப்போன எழுதாத மொய் நோட்டு ஒன்று அகப்பட்டிருக்கிறது. ஊர், பெயர், தொகை என்று கோடு ஏற்கனவே போட்டிருப்பதால் சௌகரியம். என் எதிர் இலையில் உட்கார்ந்து சொன்னார்: “பையனுக்கு ரேட்டிங் எறநூறு அதிகமுங்க. செஸ்ஸுல மழை வராது, டாஸு கெடையாது. ரேட்டிங்கு பெருசா இருக்கறவந்தான் ஜெயிப்பான். எழுதி வச்சுக்கோங்க.” நான் எழுந்து கை கழுவப் போயிருக்கலாம். குழாய் நாலடி தூரம்தான். “டாஸ் உண்டுங்க,” என்றேன், “முதல் ரவுண்டுல யாருக்கு வெள்ளைன்னு சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கறோம்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “எறநூறு வித்தியாசம்னா நூத்துக்கு எழுபத்தாறுதான் எதிர்பார்ப்பு. அந்த எழுபத்தாறுலயும் டிராவோட பாதி அடக்கம். நீங்க சொல்ற மாதிரி நிச்சயமெல்லாம் எதுவும் இல்லைங்க.” சாமியப்பன் அப்பளத்தை நொறுக்கினார். “சாரு வெவரமானவரு. அப்ப யாருதான் ஜெயிப்பாங்க?” யாரும் ஜெயிக்காமயும் போகலாமுங்க. “டிராங்கறீங்களா?” வாய்ப்பு நீங்க நெனைக்கறதவிட அதிகம். “அட, வாயிலயே சொல்லீட்டிருந்தா எப்படீங்க சார்? கட்டுங்க.” நடுவர்கள் கட்டக்கூடாதுங்க. “பாத்தீங்களா,” என்று பக்கத்து இலைக்காரரிடம் திரும்பினார், “அவருக்கே நம்பிக்கை இல்ல.” அவ்வளவுதான். நம்பிக்கை என்பது வேறு, நிகழ்தகவு என்பது வேறு என்று அவருக்கு விளக்க எனக்கு ஐந்நூறு ரூபாய் தேவைப்பட்டது. ஊர் பெருந்துறை, பெயர் நாச்சிமுத்து, தொகை ஐந்நூறு, எதிரே ‘டிரா’. கல்யாணம் ஏதும் நடக்காமலேயே மொய் எழுதினேன்.

அப்போது என் மேசைகள் நாற்பத்தொன்று முதல் அறுபது வரை. இதை நான் திரும்பத் திரும்ப எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், ஏதோ நாற்பத்தொன்றாம் மேசையிலிருந்து முதல் மேசைக்குக் கட்டினால் அது வேறு ஊர்க் குற்றம் என்பது போல. விதியில் அப்படி இடைவெளி எதுவும் இல்லை, நடுவர் பந்தயம் கட்டக்கூடாது, எந்த மேசைக்கும், எந்த ஊரிலும். ஆனால் கட்டியதுகூடப் பெரிதில்லை என்று இப்போது தோன்றுகிறது. இரண்டரை மணிக்கு முதல் மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தலைசுற்றி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். தலைமை நடுவர் தனபாக்கியம் மேடம், முப்பது வருடம் உடற்பயிற்சி ஆசிரியை, இப்போதும் விசில் இல்லாத விசில் குரல், மேடையிலிருந்தே சொன்னார், “நாச்சிமுத்து சார், முன்னாடி வந்துருங்க. முதல் டேபிள் உங்களுது.” அப்போது ஒரு விநாடி இருந்தது. அதை நான் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன், அது வந்தது, நின்றது, நான் “சரிங்க மேடம்” என்றேன், அது போய்விட்டது. வேண்டாம் மேடம் என்றால் ஏன் என்பார். ஏன் என்றால் சொல்ல வேண்டும். கலாமணி இங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பாள். என் மனைவி நான் செய்யும் தப்பு ஒவ்வொன்றையும் அது நடப்பதற்குப் பத்து வருடம் முன்பே சொல்லி வைத்திருப்பவள். “யாராச்சும் ஒண்ணு தப்பாச் சொல்லீட்டா உங்களுக்குக் காலுக்கடியில தரை நிக்காது. அதைத் திருத்தறேன்னு நீங்க ஒண்ணு பண்ணுவீங்க பாருங்க, அது அவங்க பண்ணுனதவிடப் பெருசா இருக்கும்.” அவள் பெரியப்பா செத்த வீட்டில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் வயது எழுபத்தொன்பது என்று போட்டிருந்தது, எழுபத்தெட்டுதான், இன்னும் நான்கு மாதம் இருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டாம். பாடையைத் தூக்கிய பிறகாவது சொல்லியிருக்கலாம். நான் வேலை பார்க்கும் நூலகத்திலும் அப்படித்தான், புத்தகத்தில் கிறுக்கும் மாணவர்களுக்கு அபராதம் போடுவது நான், பூட்டிய பிறகு அச்சுப்பிழைகளை ஓரத்தில் பென்சிலால் திருத்துவதும் நான். இருபத்தேழு வருடமாக. அதை ஒருநாளும் கிறுக்கல் என்று நான் நினைத்ததில்லை என்பது இப்போதுதான், இந்த நாற்காலியில்தான், உறைக்கிறது. மதுவந்தியின் யானை இரண்டாம் வரிசைக்கு இறங்குகிறது.

பலகையில் இதே நிலை வருவது இது இரண்டாம் தடவை. வேண்டாம் என்று நினைத்தும் எண்ணிவிட்டேன். ரிஸ்வானுக்கு இரண்டு சிப்பாய் அதிகம், சாதாரணமாக ஆடினால் அவன் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். ஆனால் அவளுடைய யானை அவனுடைய யானையைத் துரத்துகிறது. அது ஒரு கட்டம் விலகுகிறது, இது ஒரு கட்டம் தொடர்கிறது, அது திரும்பி வருகிறது, இதுவும் திரும்பி வருகிறது. அவன் களைத்துவிட்டான், ஒரே இடத்தில் சுற்றுவதை இன்னும் கவனிக்கவில்லை. அவள் கவனித்துவிட்டாள், காதுமடல் சிவந்திருக்கிறது. மூன்று முறை அதே நிலை வந்தால் டிரா, தானாக ஆகாது, கேட்க வேண்டும், கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. அந்த மூன்றாம் தடவையை உண்டாக்கப்போகும் நகர்த்தலை முதலில் தாளில் எழுத வேண்டும், காயைத் தொடாமல் நடுவரைக் கூப்பிட வேண்டும், இதை ஆடப்போகிறேன், இதோடு மூன்று என்று சொல்ல வேண்டும். காயை நகர்த்திவிட்டால் அந்தத் தடவைக்கு உரிமை போய்விட்டது. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது, யாராவது கேட்டால் அரைமணி நேரம் பேசுவேன், யாரும் கேட்டதில்லை. ஆட்டம் முழுக்க, ஒவ்வொரு நகர்த்தலுக்கும், முதலில் ஆடு, பிறகு எழுது என்பதுதான் சட்டம். முன்னால் எழுதினால் நானே எச்சரிப்பேன். எட்டு வயதிலிருந்து பயிற்சியாளர் கையைத் தட்டித் தட்டிப் பழக்கிய பழக்கம் அது. இந்த ஒரே ஒரு இடத்தில் மட்டும் தலைகீழ், முதலில் எழுது, ஆடாதே. பதினாறு வருடம் வலப்பக்கம் திரும்பிய கை ஒரேயொரு தடவை இடப்பக்கம் திரும்ப வேண்டும், அதுவும் வேலையே போகும் நேரத்தில். ரிஸ்வானின் யானை விலகுகிறது, அவளுடையது தொடர்கிறது, அவனுடையது வந்த வழியே திரும்புகிறது. கடிகாரத்தை அழுத்துகிறான். அவளுக்கு மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. இப்போது எழுது அம்மணி. பேனா தாளின் மேல் படுத்திருக்கிறது, நீல மூடி, நுனியில் பல் பதிந்த தடம். நான் இருமலாம். இருமுவது சட்டப்படி குற்றமில்லை, மனிதனுக்குத் தொண்டை என்று ஒன்று இருக்கிறது. இருமினால் நிமிர்வாள், நிமிர்ந்தால் தாளைப் பார்ப்பாள். சுத்தமான நாளில் இந்த இருமல் எனக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், இரக்கத்தால். அப்படியென்றால் இப்போது தொண்டையில் நிற்பது இரக்கமா, ஐந்நூறு ரூபாயா? இரண்டுக்கும் ஒரே சத்தம்தான் வரும். தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் சாமியப்பனும் நாலைந்து அப்பாக்களும் நிற்கிறார்கள், மற்ற ஆட்டங்கள் முடிந்ததால் உள்ளே விட்டுவிட்டார்கள். சாமியப்பன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறார், கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தம் உயர்த்துவதுபோல. நான் எச்சிலை விழுங்குகிறேன். விழுங்கினால் சத்தமில்லை. பேனாவை எடுத்துவிட்டாள். எடுத்தாள், வலக்கையில் பேனா, தாளுக்குப் போகிறது, போகிறது, அதே கையின் மற்ற மூன்று விரல்கள் யானையைத் தூக்கி இரண்டாம் வரிசையில் வைத்துவிட்டன. கடிகாரத்தையும் அழுத்தியாயிற்று. அதன் பிறகு கையை உயர்த்துகிறாள், முகமெல்லாம் வெளிச்சம். “சார். மூணு தடவை வந்திருச்சுங்க சார். டிரா.”

நான் எழுந்து கடிகாரத்தை நிறுத்துகிறேன். நிறுத்தியதும் கூடம் முழுக்கச் சமையல்கட்டுப் பாத்திரச் சத்தம் மட்டும். சாம்பார் வாடை. ரிஸ்வான் பலகையைப் பார்க்கிறான், பிறகு தன் தாளை, உதடு அசைய எண்ணுகிறான். உண்மையில் மூன்று முறை வந்திருக்கிறது, அவள் பொய் சொல்லவில்லை, நானே எண்ணினேன். ஆனால் காயை நகர்த்திவிட்டாள். சரி என்று நான் தலையசைத்தால் போதும், கை குலுக்கிக்கொள்வார்கள், ரிஸ்வானுக்கு இந்த விதி தெரியுமா என்பது சந்தேகம், தெரிந்தாலும் அவன் அணிக்குள் ஏற்கனவே வந்துவிட்டான், சண்டை போட மாட்டான். அவளுக்கு வேலைக்கு எழுதிப்போட ஒரு சான்றிதழ், எனக்கு ஆயிரமோ என்னவோ. செல்லாது என்று சொன்னால் சட்டம். இதற்கு முன் இரண்டு தடவை இதே போல வந்திருக்கிறது, கோவையில் ஒரு வங்கி அதிகாரி, நாமக்கல்லில் ஒருவர், இரண்டு தடவையும் யோசிக்காமல் செல்லாது என்றேன், சாப்பிட்டேன், தூங்கினேன். இன்றும் செல்லாதுதான். அதைச் சொல்ல வாய் தயாராக இருக்கிறது. தயாராக மட்டுமா, துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. ஏன் இத்தனை ஆசை? செல்லாது என்றால் என் ஐந்நூறு போகும், போனால் நான் சுத்தம், பாருங்கள் எனக்கு எதிராகவே தீர்ப்பு சொன்னேன் என்று ஆயுளுக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். ஐந்நூறு ரூபாய்க்கு இது மலிவு. ஆனால் மீதி விலையைக் கொடுக்கப்போவது இந்தப் பெண். சரி என்றால் திருடன், செல்லாது என்றால் அவள் செலவில் உத்தமன். இரண்டுக்கும் நடுவே சட்டம் என்று ஒன்று நேற்றுவரை தனியாக நின்றுகொண்டிருந்தது, அதை இப்போது தேடுகிறேன், இருக்கிறது, ஆனால் நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் என் கை அதன் மேல் படுகிறது. மூன்றாவதாக ஒரு வழி உண்டு. மேடையில் தனபாக்கியம் மேடம் சான்றிதழ்களில் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார், டப், டப். இருபது அடி. மேடம், நீங்க வந்து சொல்லுங்க, நான் சொல்லக்கூடாது. அவ்வளவுதான் வாக்கியம். அவர் வந்தாலும் செல்லாது என்றுதான் சொல்வார், அவளுக்கு ஒன்றும் மாறாது, எனக்கு மட்டும்தான் எல்லாம் மாறும். அப்படியென்றால் யாருக்காக? இந்தக் கேள்வி எவ்வளவு நியாயமாக, எவ்வளவு தர்க்கமாக, எவ்வளவு சரியான நேரத்தில் வந்துவிட்டது பாருங்கள். இருபத்தேழு வருடம் படித்ததெல்லாம் இதற்குத்தான் போல. “காயை நகர்த்திட்ட அம்மணி,” என்கிறது என் குரல், நல்ல நிதானமான குரல். “எழுதிட்டு, நகர்த்தாம, கூப்பிட்டிருக்கணும். இது செல்லாது. ஆட்டம் தொடரட்டும்.” அவள் தாளைப் பார்த்தாள், யானையைப் பார்த்தாள், தன் விரல்களைப் பார்த்தாள். “ஆமாங்க சார்,” என்றாள். சண்டை போட்டிருக்கலாம். நான் கடிகாரத்தை ஓடவிட்டேன்.

இப்போது ரிஸ்வானுக்குத் தெரிந்துவிட்டது, யானையைத் தொடவில்லை. ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து ராஜாவை முன்னே நடத்தினான். பதினேழு நகர்த்தல். ஒவ்வொன்றையும் அவள் ஆடிய பிறகுதான் எழுதினாள். மணி நான்கு ஐந்துக்குத் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினாள், கையெழுத்துப் போட்டாள், பேனாவுக்கு மூடி போட்டாள். எனக்குள் ஏதோ ஒன்று நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தது, முடிந்தது, யாருக்கும் தெரியாது, தீர்ப்பு சரி, பணமும் போயிற்று, கணக்கு நேர் என்று. அப்போதுதான் சாமியப்பன் கயிற்றைத் தாண்டி வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே நீர். “மனுசன்னா இவருங்க!” என்றார் கூடம் முழுக்கக் கேட்க. “டிராவுக்கு ஐந்நூறு கட்டியிருந்தாருங்க. டிரா தானா வந்து மடியில விழுந்துச்சு. வேண்டாம்னு தள்ளீட்டாரு பாருங்க! எங்கீங்க இருக்குது இப்படி நேர்மை?” அப்பாக்களில் ஒருவர் கைகூடத் தட்டினார். மேடையில் முத்திரைச் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, தேவையில்லை, அந்தச் செருப்பு படியிறங்குவது கேட்டது. மதுவந்தி பையைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றாள். “சார், நீங்க டிராவுக்கா கட்டியிருந்தீங்க?” ஆமாம் அம்மணி. கொஞ்சம் யோசித்தாள், கோபமாகத்தான் யோசிக்கிறாள் என்று நினைத்தேன், இல்லை, புரியாமல். “அப்ப நான் கேட்டப்போ ஏனுங்க சார் குடுக்கல?” நீ காயை நகர்த்திட்டயே அம்மணி. “அது சரிங்க,” என்றாள். “உங்க எடத்துல வேற யாராச்சும் இருந்திருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பாங்களா?” நான் வாயைத் திறந்தேன். எல்லாத் தகவல்களும் என்னிடம் இருந்தன, கோவை, நாமக்கல், விதி எண், உட்பிரிவு. பதிலைத் தனபாக்கியம் மேடம் சொன்னார், எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்று, விசில் இல்லாத குரலில். “சொல்லியிருப்பாங்க கண்ணு. தீர்ப்புல தப்பில்ல. நான் வந்திருந்தாலும் அதேதான்.” பிறகு என் பக்கம் திரும்பி, என் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்க்காமல், “ஆனா நீங்க அதைச் சொல்லியிருக்கக் கூடாதுங்க நாச்சிமுத்து சார்,” என்றார். சாமியப்பன், “மேடம், நான் என்ன சொல்ல வர்றேன்னா,” என்று ஆரம்பித்தார். மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஐந்தரைக்குப் பரிசளிப்பு. நடுவர்களுக்கென்று ஏழு துண்டு வாங்கி வைத்திருந்தார்கள். தலைசுற்றி ஆட்டோவில் போனவரும் திரும்பி வந்திருந்தார். ஆறு பேருக்குப் போர்த்தினார்கள்.